கையெழுத்து யாருடையது?

"நல்ல லேடி டாக்டர் யாராவது தெரியுமா?" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்டால், பதிலில் முதலில் வருவது கைராசி. அந்த அம்மாவிடம் போனால் கரு தங்கும், கூடுமானவரை சுகப்பிரசவத்துக்குத்தான் பார்ப்பார், சிடுசிடுக்க மாட்டார். தாயாக விரும்பும் பெண்ணுக்கு இந்த அளவுகோல் ஓரளவு போதும். இப்போதைக்கு வேண்டாம் என்பவளுக்கு, ஒன்றோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவளுக்கு, குழந்தையே வேண்டாமென்று தீர்மானித்தவளுக்கு, மணமாகாமலே நாள் தள்ளிப்போய்க் கலங்கி நிற்பவளுக்குக் கைராசியால் ஆவது ஒன்றுமில்லை. தன் முடிவைக் கேட்டுக்கொண்டு, அதிலுள்ள மருத்துவ நன்மை தீமைகளை எடுத்துச் சொல்லி, பிறகு அந்த முடிவுக்கு உதவும் மருத்துவர்தான் அவளுக்குத் தேவை. அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைச் சென்றடைவது இன்னமும் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. ஏன் இப்படி என்று பார்க்கப் போனால் சட்டம், அரசுத் திட்டம், மருத்துவ நெறிமுறை, குடும்ப வழக்கம் என்று பல இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடந்தது. தமிழ்நாட்டில் மணமான, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவையை நம்பியிருப்பதாக அது சொல்கிறது. ஆண்கள் அறுவை செய்துகொண்டது 0.1 விழுக்காடு. மாத்திரை, ஊசி, காப்பர்-டி, ஆணுறை என்று இத்தனை வழிகள் இருந்தும், பிள்ளை பெற்று முடித்ததும் பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதே வழி என்று ஒரு மாநிலம் பழகிவிட்டது. இந்த எண்ணுக்குள் மனமொப்பிச் செய்துகொண்டவர்கள் ஏராளம். இரண்டாவது பிரசவத்தின்போது, "அப்படியே ஆபரேஷனும் பண்ணிடலாம்மா" என்று வலிக்கு நடுவே கேட்கப்பட்டுத் தலையாட்டியவர்களும் இதே எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். பிரசவமான கையோடு காப்பர்-டி வைக்கப்பட்டதை, பல மாதம் கழித்து வேறு ஏதோ தொந்தரவுக்கு ஸ்கேன் எடுக்கும்போது அறிந்துகொண்ட பெண்கள் உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளைச் சுற்றி வாழும் ஏழைப் பெண்களிடம் பேசினால் இதைக் கேட்கலாம்.

இதே ஊரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, குழந்தை வேண்டாமென்று நன்கு யோசித்து முடிவெடுத்து, கருத்தடை அறுவை கேட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனால் என்ன நடக்கும்? "பின்னாடி வருத்தப்படுவீங்க", "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க", "முதல்ல ஒண்ணு பெத்துக்கோங்க". ஓரிடத்தில் வற்புறுத்தல், இன்னோரிடத்தில் மறுப்பு. இவற்றை இரு தனிப் பிரச்சினைகளாகப் பார்த்தே நாம் பேசிவருகிறோம். என் பார்வையில் இரண்டும் ஒன்றே. இரண்டு பெண்களின் வாயிலிருந்தும் வந்த சொல் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒருத்தி ஏழை, இரண்டு பெற்றவள்; ஆகவே அவளுக்குப் போதும் என்று மற்றவர்கள் முடிவுசெய்தார்கள். இன்னொருத்தி வசதியுள்ளவள், இன்னும் பெறாதவள். ஆகவே அவளுக்கு வேண்டும் என்று மற்றவர்கள் முடிவுசெய்தார்கள்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930களிலேயே பெரியார் குடிஅரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையை வேண்டியபோது, பெண் விடுதலை பெற்றவளாக வாழ்வதற்காகவே அதை வேண்டுவதாக அவர் பிரித்துச் சொன்னார். அரசு பின்னாளில் கையிலெடுத்ததோ மக்கள்தொகைக் கணக்கை. 1950களின் இறுதியிலேயே சென்னை மாநிலம் அறுவை செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கிவிட்டது. இலக்கு, ஊக்கத்தொகை, முகாம் என்று வளர்ந்த அந்த வழி எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம் காட்டியது. ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த முகாமிலும் அதையொட்டி நடந்த முகாம்களிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட இளம் தாய்மார்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட முகாம்களின் காலம் மலையேறிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனாலும் இரண்டு பிரசவத்தோடு நிற்கும் அரசு உதவித்தொகை, வார்டில் ஒவ்வொரு இரண்டாம் பிரசவத்தின்போதும் எழும் கேள்வி, கணக்குக் காட்ட வேண்டிய செவிலியரின் நெருக்கடி எல்லாம் அந்தப் பழைய கணக்கின் மிச்சங்களே.

மறுப்பின் பக்கம் கொஞ்சம் சிக்கலானது. அரசின் கருத்தடை அறுவைக்கான தர வரையறைகள், பெண்ணுக்கு மணமாகியிருக்க வேண்டும், வயது 22க்கு மேல் 49க்குள் இருக்க வேண்டும், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும் என்கின்றன. மணமாகாதவரும் பிள்ளை பெறாதவரும் முதல் வரியிலேயே வெளியே நிற்கிறார்கள். அதே வரையறைகள் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கின்றன: கணவரின் சம்மதம் தேவையில்லை. இந்த வரி பலருக்குத் தெரியாது, பல மருத்துவர்கள் உட்பட.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அவர்களைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டின் தொழில் நெறிமுறை விதிகளில் 7.15, 7.16 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. மருத்துவத் தேவை இருக்கும்போது மதக் காரணத்தை மட்டும் காட்டிக் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ உதவ மறுக்கக் கூடாது என்கிறது முதலாவது. பெண்ணின் பக்கம் நிற்கும் விதி அது. அடுத்ததோ, மலட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடிய எந்த அறுவைக்கும் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. ஆக, அரசுத் திட்டத்தின் வரையறை கணவரின் கையெழுத்து வேண்டாம் என்கிறது, மருத்துவரின் உரிமத்தைக் காக்கும் விதி வேண்டும் என்கிறது. உரிமம் போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கும் மருத்துவர் எதைக் கேட்பார்? கேட்டுப் பழகியபின் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. கருத்தடை அறுவைக்குக் கேட்ட கையெழுத்தைக் காப்பர்-டிக்கும் கேட்கிறார்கள், அதை எடுப்பதற்கும் கேட்கிறார்கள், கருக்கலைப்புக்கும் கேட்கிறார்கள். இவற்றில் எதற்கும் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு டெல்லி வழக்கு இங்கே முக்கியம். மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர், நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோபிக்காகச் சம்மதம் தந்து மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டார். உள்ளே பார்த்த மருத்துவர் வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். நோயாளி வயது வந்தவர், மயக்கம் தெளியும் வரை காத்திருக்க முடியாத அவசரமும் இல்லை, ஆகவே தாயின் சம்மதம் சம்மதமே ஆகாது என்றது நீதிமன்றம். ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலை இன்னொன்றுக்கு நீட்டிக்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கணவன், மாமியார், அம்மா, அண்ணன் என்று யார் கையெழுத்திட்டாலும் சரி என்னும் நம் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்தும் சம்மதப் படிவத்தை அறைக்கு வெளியே நிற்பவரிடம் நீட்டும் வழக்கம் தொடர்கிறது.

கருக்கலைப்புக்கு வருவோம். தயக்கமும் குழப்பமும் மிக அதிகம் இங்கேதான். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கு மேல், கருவில் பெரும் குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். கருத்தடை தோற்றுப்போனதைக் காரணமாகச் சொல்லும் இடத்தில் 'மணமான பெண், அவள் கணவர்' என்று இருந்தது, 'பெண், அவள் இணையர்' என்று மாறியது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. அவள் பெயரையும் விவரங்களையும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது திருத்தத்தில் சேர்ந்தது.

2022 செப்டம்பர் 29 அன்று, மணமாகாத 25 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இதை மேலும் விரித்தது. 24 வார வரம்பில் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு செல்லாது என்றது. இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவன் செய்யும் வல்லுறவும் வல்லுறவே என்றது. குடும்பத்தாரின் சம்மதம், ஆவணச் சான்று, நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் எழுதியது. 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் கருக்கலைப்பு என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு வழிசெய்தது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் தயக்கம்? சட்டத்தின் அடித்தளத்தில் இருக்கிறது காரணம். கருக்கலைப்பு நம் நாட்டில் இன்னும் குற்றவியல் சட்டத்துக்குள் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவாக இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து மருத்துவருக்கு ஒரு விலக்கைத் தருகிறது, அவ்வளவுதான். பெண் கேட்டால் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருத்துரைத்தால் குற்றமில்லை என்கிறது. முடிவின் மையத்தில் பெண்ணை வைக்காமல் மருத்துவரின் கருத்தை வைத்திருக்கும் சட்டம் இது. 2023 அக்டோபரில், இரண்டு பிள்ளைகள் பெற்று, பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயோடு போராடிய ஒரு பெண்ணுக்கு 26 வாரத்தில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தபோது இந்த எல்லை வெட்டவெளிச்சமானது. போதாததற்குப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். பெண் சிசுவைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி, சட்டப்படியான கருக்கலைப்பையும் தொடாத மருத்துவமனைகள் இருக்கின்றன.

கதவு மூடினால் பெண்கள் கருவைச் சுமந்துகொண்டு திரும்பிவிடுவதில்லை. தமிழ்நாட்டையும் உள்ளடக்கி ஆறு மாநிலங்களில் தரவு திரட்டிய ஓர் ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்று அது மதிப்பிட்டது. அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலம் நடந்தவை. அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் இன்னொரு நிபந்தனை காத்திருப்பதுண்டு: "கலைச்சு விடறோம், ஆனா ஆபரேஷன் பண்ணிக்கணும், இல்ல காப்பர்-டி வச்சுக்கணும்." நான் மேலே ஒன்றே என்று சொன்ன மறுப்பும் வற்புறுத்தலும் இங்கே ஒரே மேசையில் சந்திக்கின்றன.

மணமாகாத பெண்களின் துன்பம் இதற்கு முன்பே, ஓ.பி. சீட்டு எழுதும்போதே தொடங்குகிறது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்விக்கு இல்லையென்றால், உள்பரிசோதனை கிடையாது, உள்வழி ஸ்கேன் கிடையாது, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை கிடையாது. உடலுறவு அனுபவம் உண்டா என்பதே மருத்துவத்துக்குத் தேவையான கேள்வி, தாலி ஏறியதா என்பதன்று. தனியாக, மெல்லிய குரலில் அதைக் கேட்பதற்குப் பதிலாகக் கல்யாணத்தைக் கேட்பதால் நோய் தப்பிவிடுகிறது. அவசரக் கருத்தடை மாத்திரையின் கதையும் இதோடு சேர்ந்ததே. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மாத்திரை அது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சென்னையில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினாலும் அது கிடைப்பது அரிது என்பது பல ஆண்டுகளாகச் செய்தியாகி வருகிறது. கடை கைவிரித்துவிட்டால் மருத்துவரைத்தான் தேடிப் போக வேண்டும். அந்த மருத்துவர் முதலில் ஒழுக்கப் பாடம் நடத்துவாரா, சீட்டு எழுதுவாரா என்பதே அந்த 72 மணி நேரத்தைத் தீர்மானிக்கிறது.

மாதவிடாய் வலிக்கும் நீர்க்கட்டிக்கும் போகிறவர்கள் கேட்கும் பதிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்", "ஒரு குழந்தை பெத்துக்கிட்டா சரியாயிடும்." கடும் மாதவிடாய் வலி தரும் எண்டோமெட்ரியோசிசுக்கு மருந்தாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. இன்னொரு ஓரத்தில், குழந்தை பெற்று முடித்த ஏழைப் பெண்களுக்கு வெள்ளைப்படுதலுக்கும் வயிற்றுவலிக்கும்கூடக் கருப்பையை எடுத்துவிடச் சொல்வது நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் இது பரவலாக நடந்தது 2019இல் வெளியே வந்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பிரசவ முறை தனிக் கட்டுரைக்குரியது. தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் மட்டும் 63.8 விழுக்காடு என்று அதே குடும்பநல ஆய்வு காட்டுகிறது. நல்ல நேரம் குறித்துக் கொடுத்துக் கத்தி வைக்கச் சொல்லும் குடும்பங்கள் இதில் உண்டு. அங்கேயும் நாளைக் குறித்தது பெற்றவளா, மற்றவர்களா என்று கேட்க வேண்டும்.

பெண் மருத்துவராக இருந்தால் போதும் என்பது நம்மிடம் வேரூன்றிய நம்பிக்கை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மேரி ஷார்லீப் 1885இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்; வேலூரில் ஐடா ஸ்கடர் மருத்துவம் பார்க்க வந்தார். அந்தத் தடை விலகியது பெரிய சாதனை. ஆனால் உன் உடலைப் பெண் பார்ப்பாள் என்பது வேறு, உன் முடிவை மதிப்பாள் என்பது வேறு. "மாமியார் என்ன சொல்றாங்க?" என்று கேட்கும் பெண் மருத்துவர்களும் இருக்கிறார்கள், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசத் தொடங்கும் ஆண் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுகொள்வது? மருத்துவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதை முதலில் கவனிக்கச் சொல்வேன். நோயாளி நாற்காலியில் இருக்க, பதில்கள் கணவரிடம் போனால் அது ஒரு தகவல். "நான் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்டுப் பார்க்கலாம். மதிக்கத் தெரிந்தவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்கக்கூடியவை உண்டு: கருக்கலைப்புக்கு உங்கள் மருத்துவமனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, காப்பர்-டி வைப்பீர்களா, யார் கையெழுத்துக் கேட்பீர்கள்? தனியார் மருத்துவமனைக்கு மாவட்டக் குழுவின் அங்கீகாரம் வேண்டும், அரசு மருத்துவமனைக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அறைக்குள், "இதற்கு வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன? இப்போது எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். குழந்தை பெறாதவர் காப்பர்-டி கேட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறைகள் அதைத் தடுப்பதில்லை. தடுக்கும் மருத்துவர் உங்கள் உடலைச் சார்ந்த காரணம் சொல்கிறாரா, ஊரார் சொல்லும் காரணத்தைச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிரசவத்துக்குச் சேரும் முன்பே சம்மதப் படிவத்தை வாங்கிப் படித்து, கருத்தடை அறுவையோ காப்பர்-டியோ வேண்டாமென்றால் அதைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திடலாம். வலி தொடங்கியபின் படிவம் படிக்க யாராலும் முடியாது.

நம்பக்கூடிய மருத்துவர்களின் பெயர்களை நோயாளிகளே கூடித் தொகுத்துக் கைமாற்றிக்கொள்வது இந்திய நகரங்களில் சில ஆண்டுகளாக நடக்கிறது. மணமாகாதவர், மாற்றுத்திறனாளி, தலித் பெண், திருநம்பி என்று ஒவ்வொருவரும் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் சேர்த்து எழுதும்போது அந்தத் தொகுப்பு மதிப்புமிக்கதாகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பெருநகரத்திலும் நின்றுவிடுவதுதான் குறை. கிராமத்துப் பெண்களின் பக்கத்திலிருந்து இதைச் செய்துகாட்டிய முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. செங்கல்பட்டில் 1981இல் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் கிராமத்துத் தலித் பெண்களும் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், பெண்களுக்குத் தம் உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததோடு தானே ஒரு மருத்துவமனையையும் நடத்தியது. கேட்கத் தெரிந்த பெண்களும் கேட்டதை மதிக்கும் மருத்துவமனையும் ஒரே இடத்தில் வளர முடியும் என்பதற்கு அது சான்று.

மருத்துவர்களின் நிலையையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருக்கும் அரசு ஓ.பி.யில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேச நேரம் எங்கே? "என்னைக் கேட்காம எப்படிப் பண்ணீங்க?" என்று கணவரும் உறவினரும் மருத்துவமனையை முற்றுகையிட்டால் அந்த மருத்துவருக்கு யார் துணை? அந்தப் பயத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு மருத்துவரின் மனசாட்சியை மட்டும் நம்பியிருப்பது நியாயமாகாது. சட்டப்படி நடந்த மருத்துவரின் பின்னால் நிர்வாகம் நிற்கும் என்ற உறுதி கிடைத்தால் கையெழுத்துக் கேட்கும் பழக்கத்தில் பாதி தானே விலகும்.

தவறு நடந்தால் முறையிட வழிகள் இருக்கின்றன. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது அதே 2002ஆம் ஆண்டு விதி. எதைத் தொடங்குவதாக இருந்தாலும் அதிலிருந்து தொடங்கலாம். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம், கட்டண சிகிச்சையானால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதிகம் வற்புறுத்தப்படும் பெண்களுக்கே முறையிடும் இடமும் குறைவு.

2002ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. பழைய விதிகளே தொடர்கின்றன, 7.16உம் சேர்ந்து. மீண்டும் எழுத உட்காரும்போது, இருவர் சம்மதம் வேண்டும் என்ற அந்த வரியை முதலில் எடுக்க வேண்டும். அதுவரை தமிழ்நாடு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காப்பர்-டிக்கும் கருக்கலைப்புக்கும், அரசுத் திட்டத்தில் கருத்தடை அறுவைக்கும் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று ஒவ்வொரு பிரசவ வார்டின் வாசலிலும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.